‘சொந்தத்தில் கல்யாணமா?’

நாகலட்சுமிக்குப் பொய் சொல்ல வராது. கறிவேப்பிலை கேட்டு வருகிறவர்களிடம் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லத் தெரியாது. சமையல் எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் மனதில் பட்டதைச் சொல்லி விரோதம் சம்பாதிப்பாள். என் வத்தக்குழம்பைப் பற்றி அவள் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் பெங்காலியில் சொன்னாள். அந்தப் பொய்தான் அவள் பிள்ளையைக் கொன்றதா என்று கேட்டால் டாக்டர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நாகலட்சுமி சொல்வாள்.

அவள் கணவர் குருமூர்த்தி அவளுக்குச் சொந்த மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கிடர்பூர் துறைமுகத்தில் அவருக்கு வேலை. அவர் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கல்கத்தாவில் இருக்கிற பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், மீன் வாசனைக்கு நடுவில் யார் பெண்ணை அனுப்புவார்கள் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அக்கா திருச்சியிலிருந்து, “என் பொண்ணு இருக்கறச்சே நீ ஏண்டா வெளியில தேடறே?” என்றாள். அத்தோடு தேடல் நின்றது. நாகலட்சுமிக்கும் சந்தோஷம்தான். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், கோபம் வராத மனுஷர். இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கும்வரை அவளுக்குத் தெரியாது.

முதலில் குடியிருந்தது பவானிபூரில், வீட்டுக்காரர் மாடியில், இவர்கள் கீழே. வந்த வருஷமே லட்சுமி பூஜைக்குக் கூப்பிட்டார்கள். நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி, “காதல் கல்யாணமா, பார்த்துச் செய்ததா?” என்று கேட்டாள். இவள் தெரிந்த இந்தியில், சிரித்துக்கொண்டே, அவர் எங்கம்மாவோட தம்பி என்று சொல்லிவிட்டாள். “ஓ மா! சொந்த மாமாவையா? சீ சீ!” என்று வீட்டுக்காரரின் மனைவி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். ஒருத்தி பிரசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தாளாம். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எதையோ கேட்கிற சாக்கில் வந்து குருமூர்த்தியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் இவள் மாடிப்படி ஏறினால் மேலே பேச்சு நின்றுவிடும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பெங்காலி வீட்டில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிறவன் தாய்மாமன். அவனே தாலியும் கட்டுவதா என்று அவர்களுக்கு அருவருப்பாக இருந்திருக்கும். நம்மில் பல குடும்பங்களில் அது உரிமை. கட்டாமல் விட்டால்தான் அக்கா பேச்சுவார்த்தையை நிறுத்துவாள். ஆனால் இருபது வயசுப் பெண்ணுக்கு, புது ஊரில், இந்த நியாயமெல்லாம் எங்கே தோன்றும்? அவள் ராத்திரியெல்லாம் அழுதாள். குருமூர்த்தி பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்தார். “இனிமே இவா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். நம்ம வழக்கம் இவாளுக்குப் புரியாது” என்றார். அதுவே அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்துக்காக அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அதுவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ‘ஏன்னா’ என்று கூப்பிடப் பழகினாள். பெங்காலியிலும் மாமா என்றால் தாய்மாமன்தான். திருச்சியிலிருந்து அவள் அம்மா வந்தால், வாசலில் நின்று குருமூர்த்தி ‘அக்கா’ என்பதை விழுங்கிவிட்டு, “வாங்கோ, வாங்கோ” என்பார். “என்னடா, வேத்து மனுஷாளைக் கூப்பிடற மாதிரி கூப்பிடறே?” என்று அந்த அம்மாள் முகம் வாடும். கதவைச் சாத்தின பிறகுதான் அவருக்கு அக்கா கிடைப்பாள். மூத்தவள் ரஞ்சனாவுக்குப் பேச்சு வந்ததும், பாட்டி அப்பாவுக்கு என்ன உறவு என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

எதிர்வீட்டில் ஷர்மிஷ்டா இருந்தாள். நாகலட்சுமி அவளை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். நல்லவள். வெறும் பேச்சுக்கு நல்லவள் இல்லை, கை கொடுக்கிற நல்லவள். ரஞ்சனாவும் அவள் பெண் ஸ்னேகாவும் ஒரே வயசு. இரண்டு வீட்டுக் கதவும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். நாகலட்சுமிக்குப் பெங்காலி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இவளுக்குக் கல்கத்தாவில் யாருடைய மரியாதையாவது வேண்டியிருந்தது என்றால் அது பௌதியின் மரியாதைதான்.

ரஞ்சனாவுக்கு ஐந்து வருஷம் கழித்து ஜெய்ராம் பிறந்தான். பிறந்தபோது அழக் கொஞ்சம் நேரமாயிற்று. மற்றபடி குறையில்லை. நடக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. ஓடினால் விழமாட்டான், நின்றால் ஆடுவான். நேராக நிற்கச் சொன்னால் பஸ்ஸுக்குள் நிற்கிறவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வான். மூன்று வயசானதும் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அன்றைக்குக் குருமூர்த்திக்குக் கப்பல் வேலை, வர முடியவில்லை. பௌதி தான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

டாக்டர் எல்லாம் கேட்டார். பிரசவம் எப்படி, பையன் எப்போது உட்கார்ந்தான், ஜுரத்தில் வலிப்பு வந்ததா. அப்புறம், “கணவன் மனைவி இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னாலேயே உறவா? சொந்தத்தில் கல்யாணமா?” என்று பெங்காலியில் கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் பௌதி உட்கார்ந்திருந்தாள்.

“இல்லை” என்றாள் நாகலட்சுமி.

டாக்டர் மேலே கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வழக்கமாக வருகிற பதில்தான் அது. பிறந்தபோது அழத் தாமதமானதால் மூளைக்குக் காற்றுப் போதவில்லை, செரிப்ரல் பால்சி என்று சொன்னார். உடற்பயிற்சி எழுதிக்கொடுத்தார். உறவு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வேறு பக்கம் தேடியிருப்பார். இதைச் சொன்னது நானில்லை, பிற்பாடு வந்த டாக்டர்.

நான் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது ஜெய்ராமுக்கு ஏழு வயசு. அப்போதே சக்கர நாற்காலி வந்துவிட்டது. செரிப்ரல் பால்சி என்றால் இருக்கிற நிலையிலேயே இருக்கும் என்பார்கள். இவன் வருஷத்துக்கு வருஷம் கீழே போனான். கண்ணில் சிவப்பு நரம்பு ஓடும். இந்த ஊரில் கண் சிவந்தால் ‘ஜாய் பாங்ளா’, அதாவது கண்வலி, வந்திருக்கிறது என்று சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். இவளும் வருஷக்கணக்கில் விட்டாள். ஒரு மாசம் சளி, மறுமாசம் நிமோனியா. பேச்சு குழறும். ஆனால் புத்தி கூர்மை. ஜன்னலில் உட்கார்ந்து ஸ்டேஷன் அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு, கேனிங் லோக்கல் எத்தனையாவது பிளாட்பாரத்தில் வருகிறது என்று அந்தப் பெண்குரல் மாதிரியே இழுத்துச் சொல்லுவான். பெங்காலிதான் அவனுக்குச் சரளம். என்னிடம் மட்டும், “மாமி, உங்க தமிழ் ரொம்ப ஃபாஸ்ட்” என்று குறைசொல்வான். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர்கள் மாமா, அக்கா பெண் என்பது எனக்குத் தெரியும். தமிழர்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது? பௌதியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள் நாகலட்சுமி, சரி என்றேன். டாக்டரிடமும் அதே கதையைச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று யார் கண்டது?

பத்து வயசில் அவன் கழுத்தில் நெறி கட்டியது. முதலில் டிபி என்று மருந்து கொடுத்தார்கள். குறையவில்லை. அறுத்துப் பரிசோதித்ததில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று வந்தது. குருமூர்த்தி அன்று ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குணப்படுத்தக் கூடிய வகை, பயப்பட வேண்டாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாந்தி எடுத்தான், கட்டி பாதியாயிற்று. மீதிக்கு ரேடியேஷன் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆரம்பிக்கும் முன் அங்கேயும் எல்லாம் கேட்டார்கள். கேட்டவர் முன்பின் தெரியாதவர். பௌதி அங்கே இல்லை. “உறவுக்குள் கல்யாணமா?” என்ற கேள்வி வந்தபோது நாகலட்சுமி கணவரைப் பார்த்தாள். குருமூர்த்தி முந்திக்கொண்டு, “நோ சார்” என்றார்.

இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. அங்கே யார் இருந்தார்கள் வெட்கப்பட? “அவருக்கு அது பழகிப்போச்சு மாமி. பேர் கேட்டா பேர் சொல்ற மாதிரி அது வாயில வந்துடுத்து. கல்யாணத்துக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் தோணித்து” என்று பிற்பாடு சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அவள் முகம் கோணக் கூடாது என்றே இத்தனை வருஷம் பொய்யைத் தூக்கிச் சுமந்தவர். அதனாலேயே அவர்மேல் கோபமும் படமுடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற அளவுதான் கொடுத்தார்கள். ஓரிரு வாரத்துக்குள் ஜெய்ராமின் கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து, கீழே சிவப்பாகச் சதை தெரிந்தது. வாயெல்லாம் புண். எச்சிலை விழுங்கினாலும் உடம்பு முறுக்கும். அழுதால் புண் இழுக்கும் என்று அழாமல் இருக்கப் பார்ப்பான். அவனைப் பார்க்கப் போய்விட்டு வெளியே வந்து நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். இவ்வளவு சின்ன அளவில் இப்படி வெந்து போகாதே, மெஷினில் கோளாறா என்று அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

தேப்ஜானி என்று ஒரு இளம் டாக்டர் வார்டுக்கு வந்தாள். கழுத்தைப் பார்க்கும் முன் அவன் கண்ணைப் பார்த்தாள். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். எத்தனை வருஷமாக இந்தச் சிவப்பு, நடை எப்போது தள்ளாட ஆரம்பித்தது, அடிக்கடி நிமோனியா வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்புறம் நாகலட்சுமி பக்கம் திரும்பி, “உறவு இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். மறுபடி கேட்கிறேன். யாரையும் குறைசொல்லக் கேட்கவில்லை. இவன் உயிர் இதில் இருக்கிறது” என்றாள்.

பௌதி அப்போது பிளாஸ்க்கில் கஞ்சியோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வெளியே போகட்டும் என்று நாகலட்சுமி காத்தாள். துணைக்கு நிற்போம் என்று பௌதி போகவில்லை. ஜெய்ராம் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான்.

“அவர் என்னோட சொந்த மாமா. எங்கம்மாவோட தம்பி” என்று பெங்காலியில் சொன்னாள் நாகலட்சுமி. சொல்லும்போது பௌதியைப் பார்க்கவில்லையாம்.

டாக்டர் உடனே போனை எடுத்து ரேடியேஷனை நிறுத்தச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து விளக்கினாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற இழை இருக்கிறது. அது தானாகவே அவ்வப்போது அறுந்துகொண்டிருக்கிறது. அறுந்த இடத்தைப் பார்த்து விசில் ஊதி, வேலையை நிறுத்தி, ரிப்பேர் ஆட்களைக் கூப்பிட ஒரு காவல்காரப் புரதம் உண்டு. அதன் பெயர் ஏடிஎம். பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை, பெயர்தான் அப்படி. அந்தப் புரதத்துக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று சமாளித்துவிடும். இரண்டும் பழுதானால் காவலே இல்லை. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், அதனால் தள்ளாட்டம். நோய் எதிர்ப்பு போய்விடும். அறுந்த இழையோடேயே செல்கள் பெருகுவதால் ரத்தத்திலும் நிணநீரிலும் புற்றுநோய் வரும்.

“ரேடியேஷன் செய்கிற வேலையே இழையை அறுப்பதுதான். மற்றவர்கள் உடம்பு கேன்சர் இல்லாத இடத்தை ரிப்பேர் செய்துகொள்ளும். இவனால் முடியாது. தெரிந்திருந்தால் இவனுக்கு எக்ஸ்ரேகூட யோசித்துத்தான் எடுத்திருப்போம்” என்றாள் டாக்டர்.

ஒரே வீட்டு ரத்தத்தில் யாரோ ஒரு மூதாதையிடம் இருந்த பழுது குருமூர்த்திக்கும் வந்திருக்கிறது, அவர் அக்கா வழியாக நாகலட்சுமிக்கும் வந்திருக்கிறது. இருவருக்கும் ஒவ்வொன்று நன்றாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நாலில் ஒரு குழந்தைக்கு இரண்டும் பழுதாக வரும். வந்தது. ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே உறுதிப்படுத்தின. நாகலட்சுமிக்கே மார்பகப் புற்றுநோய் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். அது அவள் காதிலேயே விழவில்லை.

நாகலட்சுமி கேட்டது ஒன்றுதான். “நான் மூணு வயசுலயே சொல்லியிருந்தா?”

டாக்டர் மழுப்பவில்லை. இந்த நோய்க்கு மருந்து கிடையாது, நடை போகத்தான் போயிருக்கும், புற்றுநோயும் வந்திருக்கலாம், இருபதைத் தாண்டுகிறவர்களும் உண்டு, தாண்டாதவர்களும் உண்டு என்றாள். “ஆனால் இந்த ரேடியேஷனை நாங்கள் கொடுத்திருக்க மாட்டோம்” என்றாள்.

கழுத்துப் புண் ஆறவேயில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றினார்கள். பேச்சு நின்றது. நெஞ்சில் கிருமி இறங்கியது. மழைக்காலம் முடியும் முன் ஜெய்ராம் போய்விட்டான். அவனுக்குப் பதினோரு வயசு. குருமூர்த்தி சுடுகாட்டிலிருந்து வந்ததும், கதவு திறந்திருக்க, எல்லார் காதும் கேட்க, “அக்கா, அக்கா” என்று மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார். இனிமேல் யாருக்கு மறைக்க?

காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போனார்கள். அப்புறம் ஒரு மத்தியானம் நான் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போனேன். நாகலட்சுமி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பௌதி எதிரில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாகலட்சுமி பெங்காலியில் பேசினாள். “பௌதி, அன்றைக்கு முதல் டாக்டர் கேட்டபோது நீ பக்கத்தில் இருந்தாய். நீ என்னைக் கேவலமாக நினைப்பாயே என்றுதான் இல்லை என்று சொன்னேன். உனக்குத் தெரியக் கூடாது என்று என் பிள்ளையைப் பலி கொடுத்துவிட்டேன்.”

பௌதி கையை விடவில்லை. மெதுவாக, “எனக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியும், ஆஸ்பத்திரியில் நான் சொன்னபோது நீ இருந்தாயே.”

“இல்லை, நாகா. அதற்கு முன்னாலேயே. ஜெய்ராமை முதல்முதலாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னாலேயே. சரஸ்வதி பூஜைக்குப் பூத் தொடுக்கும்போது ரஞ்சனா ஸ்னேகாவிடம் சொன்னாள், ஸ்னேகா என்னிடம் சொன்னாள். முதலில் எனக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் உன்னையும் குருமூர்த்தி தாதாவையும் பார்த்தேன், இவர்களுக்கு என்ன குறைச்சல் என்று விட்டுவிட்டேன்.”

“அன்றைக்கு டாக்டர் கேட்டபோது?”

“நீ இல்லை என்றாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இவள் இதை மறைக்கப் பார்க்கிறாள், அந்நியர் முன்னால் நாம் காட்டிக்கொடுத்தால் அவமானப்பட்டுப் போவாளே என்று நினைத்தேன்” என்று சொல்லும்போதே பௌதி அழுதுவிட்டாள். “உன் மரியாதையைக் காப்பாற்றினேன் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கணவரிடம்கூடச் சொன்னேன்.”

நாகலட்சுமி அவளையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டு, தமிழில், தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள்: “நீயாவது சொல்லியிருக்கலாமேடி. என்னைச் சந்தி சிரிக்க வெச்சிருக்கலாமே. என் கொழந்தை வெந்து சாகாம இருந்திருப்பானே.”

பௌதிக்குத் தமிழ் தெரியாது. என் பக்கம் திரும்பி, “மாசிமா, என்ன சொல்கிறாள்?” என்று கேட்டாள்.

ஒன்றுமில்லை, துக்கத்தில் ஏதோ புலம்புகிறாள் என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். அப்படிச் சொல்வதுதான் நாகரிகம் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்துத்தான் வளர்த்திருக்கிறார்கள். பௌதி அழுத கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எத்தனை நல்லவள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் ஒருவர் மனசு ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் அந்தப் பிள்ளையின் கழுத்தில் பார்த்தேனே.

நான் தட்டைக் கீழே வைத்தேன். நாகலட்சுமி சொன்னதை ஒரு சொல் விடாமல் பெங்காலியில் அவளுக்குச் சொன்னேன்.